சாமணத்தின் நுனியில் ஒரு பூ

2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை டோக்கியோவில், மகளின் வீட்டில் கழித்தேன். அம்மாதம் 15 ஆம் திகதி ஜப்பானியருக்கு 'ஷிச்சி-கோ-சான்' எனப்படும் நாள். ஏழு, ஐந்து, மூன்று என்பதே அப்பெயரின் பொருள். மூன்று வயதும் ஏழு வயதும் ஆன பெண் குழந்தைகளுக்கும் ஐந்து வயதான ஆண் குழந்தைகளுக்கும் கிமோனோ உடுத்தி, வளர்ந்ததற்கு நன்றி சொல்ல ஆலயத்திற்கு அழைத்துச் செல்வார்கள். அது அரச விடுமுறை நாளன்று. ஆகையால் அதனையொட்டி வரும் சனி, ஞாயிறு நாட்களில்தான் கூட்டம். அசாகுசா ஆலய முற்றத்தில் நின்று பார்த்தபோது, சிறுமியர் ஒவ்வொருவரின் தலையிலும் பட்டுத் துணியாற் செய்த பூங்கொத்து ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

என் பேத்திக்கும் அவ்வாண்டு ஏழு வயது. பாடசாலைத் தோழியின் தலையில் இருந்த பூ தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தாள். கடையொன்றில் விலை விசாரித்தோம். கையாற் செய்த பூவின் விலை எங்களை மௌனமாக்கியது. "அதைச் செய்யப் பழக்குற வகுப்பு ஒன்று இருக்குதாம். நீங்களும் வாங்கோ அப்பா, வீட்டில இருந்து என்ன செய்யப்போறீங்கள்?" என்றாள் மகள். எழுபது வயதைத் தாண்டிய நான் பூச்செய்யும் வகுப்புக்குப் போன கதை இதுதான்.

பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் அறை. தாழ்ந்த மேசையைச் சுற்றி எங்களுடன் சேர்த்து ஆறு பேர். ஆண் நான் ஒருவனே. ஒவ்வொருவருக்கும் முன்னால் சிறு பலகை, அதன்மீது தடவிய வெண்பசை, மெல்லிய பட்டுச் சதுரங்கள், நீண்ட சாமணம் ஒன்று. ஆசிரியை அறுபது வயதைக் கடந்தவர். மகள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

இக்கலைக்குச் 'சுமாமி' என்று பெயர். விரல் நுனியாற் பற்றுதல், கிள்ளுதல் என்று பொருள். கன்சாஷி என்பது கூந்தலில் செருகும் அணி. ஒரு விரற்கடை அகலமுள்ள பட்டுச் சதுரத்தைச் சாமணத்தாற் பற்றி முக்கோணமாக மடிக்க வேண்டும். அதனை மீண்டும் முக்கோணமாக மடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மடிப்பில் கூர் இதழ் பிறக்கும். ஓரங்களைப் பின்புறமாகத் திருப்பினால் வட்ட இதழ் பிறக்கும். ஆயிரம் வகைப் பூக்களும் அடிப்படையில் இந்த இரண்டு இதழ்களிலிருந்தே உருவாகின்றன. மடித்த இதழின் அடியைக் கத்தரித்து, பசைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, பசை ஊறும்வரை காத்திருந்து, பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து வட்டமான அடித்தட்டில் அடுக்க வேண்டும்.

அந்த அடுக்குதலுக்கு ஜப்பானியக் கைவினைஞர் வழங்கும் சொல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கூரை வேய்வதற்கு எந்தச் சொல்லோ அதே சொல்லாம். தமிழிலும் 'வேய்தல்' என்றால் கூரை போடுதல், பூச்சூடுதலும் அதுவே. இரண்டு மொழிகளுக்கும் உறவு தேடிப் புறப்படுவோர் பலர் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். ஓலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பவனும் இதழை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பவனும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்பதை இருவேறு மக்கள் தனித்தனியே கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

ஹெயான் காலத்து அரசவை மகளிர் கூந்தலை முடியாமல் நீளத் தொங்கவிட்டவர்கள். செருகுவதற்கு அங்கே இடமில்லை. எடோ காலத்தில் (1603–1868) பெண்கள் கூந்தலை எண்ணெயும் மெழுகும் இட்டு உயர்த்திக் கட்டத் தொடங்கியபோதுதான் சீப்புக்கும் ஊசிக்கும் மவுசு வந்தது. 1806 இல் காலமான ஓவியர் உத்தமாரோவின் படங்களில் அழகியரின் தலைகள் ஊசிகளால் நிறைந்திருப்பதைக் காணலாம். ஆமையோடு, வெள்ளி, பவளம் ஆகியவை செல்வர் வீட்டுப் பொருட்கள். தேய்ந்த கிமோனோவின் மிச்சத் துண்டு யாருக்கும் கிடைக்கும். அரண்மனைப் பணிமகளிர் அத்துண்டுகளை வீணாக்காமற் பூவாக மடித்ததிலிருந்தே இக்கலை வளர்ந்தது என்று கூறுவர்.

1841 முதல் 1843 வரை நீடித்த தெம்போ சீர்திருத்தத்தின்போது, அமைச்சர் மிசுனோ தடகுனி ஆடம்பரத்தின் மீது போர் தொடுத்தார். விலையுயர்ந்த சீப்புக்கும் ஊசிக்கும் தடை. பெண்களுக்குக் கூந்தல் கட்டிவிட்டுப் பிழைத்த பெண் தொழிலாளருக்கும் தடை. முப்பது ஆண்டுகளின் பின், மெய்ஜி ஆட்சியில், ஆண்கள் குடுமியை நறுக்கலாம் என்று 1871 இல் ஆணை பிறந்தது. அதைக் கண்டு பெண்கள் சிலரும் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள, 1872 இல் டோக்கியோ நிர்வாகம் பதறிப்போய்ப் பெண்கள் வெட்டக் கூடாது என்று தடை விதித்தது. பெண்ணின் தலைமயிர் மீது அரசுகளுக்கு உள்ள அக்கறை வேறெதிலும் இருந்ததாகத் தெரியவில்லை!

இக்கலைக்கு முதலடி கொடுத்தவர்களில் நமது தொழில்காரர் ஒருவரும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1885 இல் வத்தனாபே கனாயே என்ற வைத்தியரும் இஷிகாவா எய்சாகு என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து, பழைய கூந்தல் முடிப்பு வசதியற்றது, சுகாதாரமற்றது, செலவு மிக்கது என்று கூறி, எளிய மேனாட்டு முடிப்பைப் பரப்பச் சங்கம் அமைத்தனர். அவர்கள் சொன்னதில் தவறில்லை. மெழுகு பூசிய கூந்தலை அடிக்கடி கழுவ முடியாது. உயரமான கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்துத்தான் உறங்க வேண்டும். ஆயினும் கொண்டை குறையக் குறைய, அதில் செருகும் பூவும் அன்றாட வாழ்விலிருந்து ஒதுங்கிச் சிறுமியருக்கும் மணப்பெண்களுக்கும் உரியதாகியது.

எஞ்சியதையும் நெருப்பு தேடி வந்தது. டோக்கியோவின் கிழக்கே தாழ்நிலப் பகுதிகளில் நெருக்கமான மரவீடுகள் இருந்தன. கைவினைஞருக்கு வீடும் வேலைத்தளமும் ஒன்றே. 1923 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஏற்பட்ட பெரும் பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் அப்பகுதிகள் எரிந்தன. மீண்டும் கட்டினார்கள். 1940 ஜூலை 7 ஆம் திகதி ஆடம்பரப் பொருள் உற்பத்தியையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆடம்பரமே பகைவன் என்று தெருவெங்கும் பலகைகள் எழுந்தன.  1945 மார்ச் 10 ஆம் திகதி அதிகாலை அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் அதே தாழ்நிலப் பகுதிகள் மீண்டும் சாம்பலாகின. ஓரிரவில் மாண்டோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அந்தச் சாம்பலில் எத்தனை சாமணங்கள், எத்தனை சாயக் குறிப்புகள் கலந்தன என்பதற்குக் கணக்கு எழுதியவர் இல்லை.

யுத்தத்தின் பின்னர் ஜப்பானியப் பெண் கவுனுக்கு மாறினாள். கிமோனோ விசேட நாட்களின் உடையாயிற்று: மூன்று வயதில் ஒரு முறை, ஏழு வயதில் ஒரு முறை, 1948 இல் அரச விடுமுறையாக்கப்பட்ட வயதுவந்தோர் தினத்தில் ஒரு முறை. இத்தனை குறைந்த தேவைக்கு எத்தனை கைவினைஞர் பிழைக்க முடியும்?

ஆண்டு முழுவதும் பூத் தேவைப்படுவோர் கியோட்டோவின் மாய்க்கோக்கள், அதாவது நடனமும் இசையும் பயிலும் இளம் கெய்ஷாக்கள். மாதந்தோறும் அவர்களின் தலையில் பூ மாற வேண்டும். பெப்ரவரியில் பிளம், ஏப்ரலில் செர்ரி, மேயில் விஸ்டீரியா, ஒக்டோபரில் செவ்வந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. முதலாண்டு மாணவிக்குக் கன்னத்தருகே நீளத் தொங்கும் இதழ்ச்சரம் உண்டு. அனுபவம் கூடக்கூடச் சரம் மறையும். டிசம்பர் மாதத்துக்குரியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மினாமிசா அரங்கில் ஆண்டிறுதிக் கபுகி நாடகங்கள் நடைபெறும்போது நடிகரின் பெயர் எழுதிய பலகைகளை வாயிலில் தொங்கவிடுவார்கள். அவற்றின் குட்டி வடிவமாக இரண்டு வெற்றுப் பலகைகள் அம்மாதப் பூவில் இருக்கும். மாய்க்கோ நாடகம் பார்க்கச் சென்று, தான் விரும்பும் நடிகரிடம் அப்பலகையில் பெயர் எழுதி வாங்குவாள். தலையில் செருகிய பூவையே கையொப்பப் புத்தகமாக்கிய வேறு ஊர் எதையும் நான் அறியேன்.

1974 இல் ஜப்பான் மரபுக் கைத்தொழில்களைப் பேணச் சட்டம் இயற்றியது. அதன் பட்டியலில் ஏற வேண்டுமாயின் நூறு ஆண்டுப் பழைமை மட்டும் போதாது. ஒரே பிரதேசத்தில் பத்து நிறுவனங்களோ முப்பது பேரோ அத்தொழிலில் இருக்க வேண்டும். உயிர் ஊசலாடும் தொழிலிடம் ஆட்பலம் கேட்கும் சட்டம்! டோக்கியோ மாநகர அரசு 1982 இல் எடோ சுமாமி கன்சாஷியைத் தனது மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் பெயர் இருந்தது. கற்க இளைஞர்தான் வரவில்லை. பழைய முறையில் ஐந்தாண்டு, பத்தாண்டு குருவின் வீட்டில் இருக்க வேண்டும். அவர் விளக்கிச் சொல்லமாட்டார். பார்த்துத் திருடிக்கொள்வதே கல்வி என்பது அந்நாட்டுக் கைவினைஞரின் கொள்கை.

அந்தக் கதவைத் திறந்தவை நான் அமர்ந்திருந்ததைப் போன்ற சிறு அறைகள்தான். குருவின் வீட்டில் பத்தாண்டில் திருட வேண்டியதை, இரண்டு மணி நேரக் கட்டணத்துக்கு மேசைமீது விரித்துவைத்தார்கள். படம் போட்ட புத்தகங்களும் துணியும் பசையும் அடங்கிய பொதிகளும் வந்தன. இது கலையை மலினப்படுத்துவதாக முணுமுணுப்போர் உண்டு. ரஷ்யாவுக்குச் சென்ற இக்கலை, சாட்டின் நாடாவை மெழுகுதிரிச் சுடரில் உருக்கி ஒட்டும் பொழுதுபோக்காகிவிட்டது. கொண்டை ஊசியின் பெயரான கன்சாஷி அங்கே நாடாப் பூவின் பெயராகவே நிலைத்துவிட்டது. நான் முணுமுணுப்போர் பக்கம் இல்லை. அதற்குக் காரணம் ஜப்பானில் இல்லை, கொழும்பில் இருக்கிறது.

நான் பத்திரிகைக்கு வந்த காலம் ஈய எழுத்தின் காலம். எங்கள் அச்சுக்கோப்புப் பகுதியின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்று அழைப்போம். புறூவில் நான் திருத்திய பிழையை, இறுக்கிக் கட்டிய பக்கத்திலிருந்து சாமணத்தாற் பிடுங்கி, கண்ணைத் திருப்பாமலே பெட்டியில் சரியான எழுத்தைத் தொட்டெடுத்து, அந்த இடத்தில் இறக்குவார். பக்கத்து எழுத்து அசையாது. ஒருநாள் ஆவலில் அவருடைய சாமணத்தை எடுத்து ஓர் எழுத்தைப் பிடுங்கினேன். முழு வரியும் சரிந்தது. "தம்பி, நீர் எழுதும், இது உமக்கு வராது" என்றார். பிறகு நான் தொடவில்லை. அவர் எவருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் பழகிக்கொள்ள வேண்டும். ஒவ்செற் வந்தது, கணினி வந்தது. எழுத்துப் பெட்டிகள் நிறைக்கு விற்கப்பட்டன. மாஸ்டரின் கைகளில் இருந்தது அவருடனேயே போயிற்று. அவரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நாள்தோறும் ஊரார் செய்தியை எழுதியவன் நான்.

ஆகவே அந்த அறையில் சாமணத்தைக் கையில் எடுத்தபோது விரல் சற்று நடுங்கியது. முதல் இதழ் பிரிந்தது. இரண்டாவது கோணிற்று. ஆசிரியை என் கையின் மேல் தன் கையை வைத்து, சாமணத்தை எவ்விடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினார். மடிப்பு நின்றது.

அவர் தந்த பசை அரிசி மாவுப் பசை. கடைகளில் குழாயில் கிடைக்கும் பசை விரைவாக ஒட்டுமே, ஏன் இதை வைத்திருக்கிறீர்கள் என்று மகளின் மூலம் கேட்டேன். அவர் எழுந்து சென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். யாரோ ஒரு பாட்டி தன் ஏழாவது வயதில் அணிந்த பூ, பேத்திக்காகப் பழுதுபார்க்க வந்திருந்தது. அரிசிப் பசை ஈரம் பட்டால் இளகும். கெட்ட இதழை மட்டும் கழற்றி, புதியதை அந்த இடத்தில் வைக்கலாம். குழாய்ப் பசையால் ஒட்டியதைக் கழற்ற முயன்றால் பட்டே கிழிந்துவிடும் என்றார். பெட்டியில் இருந்த பூவில் மூன்று இதழ்கள் மட்டும் நிறம் சற்றுப் புதிதாக இருந்தன. அவர் சுட்டிக்காட்டியிராவிடில் நான் கண்டிருக்கமாட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் மகள் மூன்று பூக்களை முடித்தாள். நான் எட்டு இதழில் ஒன்றை முடித்தேன். பேத்தி இரண்டையும் பார்த்துவிட்டு, "அம்மப்பா, உங்கட பூ ஏன் ஒரு பக்கம் நித்திரை கொள்ளுது?" என்றாள். ஆலயத்துக்கு அம்மாவின் பூக்களையே சூடிச் சென்றாள். எனது பூ என்னுடன் கொழும்பு வந்தது.

சென்ற மாதம் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அதிலிருந்து ஓர் இதழ் உதிர்ந்தது. மத்தியானச் சோற்றிலிருந்து பத்துப் பருக்கைகளை எடுத்துக் குழைத்துப் பசையாக்கினேன். சாமணம் வீட்டில் இருக்கவில்லை. சந்தியிலுள்ள பாமசியில் ஒன்று வாங்கிவந்து இதழை அதன் இடத்தில் வைத்தேன். இப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.