சவாரி வண்டிலும் பந்தயக் காரும்

காலபோக நெல் அறுவடையாகி வயல்கள் வெறுமையுற்றதும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மாட்டுவண்டிச் சவாரிக்குரிய பருவம் நெருங்குகின்றது. அமெரிக்காவிலே 'ஸ்டொக் கார்' பந்தயப் பருவமும் ஆண்டுதோறும் பெப்ரவரியில் டேற்றோனா நகரிலே முறைப்படி ஆரம்பமாகும். இவ்விரண்டும் தூரத்து உறவினர் எனலாம்.

கடையில் விற்கும் சாதாரண மோட்டார் வண்டியையே போட்டிக்கும் ஓட்டுவது அமெரிக்கரின் ஆதி வழக்கம். டேற்றோனாவிலே 1958 வரை கடற்கரை மணலும் அதனையடுத்த தார்வீதியுமே ஓடுகளமாயின. 1959இல் இரண்டரை மைல் சுற்றுள்ள தனியரங்கு எழுந்தது. இன்று அங்கு ஓடுவன பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. முகத்தோற்றம் மாத்திரமே கடைக்காரின் சாயல்.

யாழ்ப்பாணத்திலும் இக்கதையே நிகழ்ந்தது. புகையிலையும் எருவும் சுமந்த வண்டில்கள் வீதியிலே ஒன்றையொன்று முந்த முனைந்ததில் வியப்பென்ன? பின்னர் சவாரிக்கென இலேசான வண்டில்கள் அமைந்தன. உழவறியாச் சவாரிக் காளைகள் செல்லமாய் வளர்ந்தன. 'லாண்ட்மாஸ்டர்' உழவுக்கு வந்தபின் ஏர்மாடு அருகிற்று; சவாரி மாடோ நிலைத்தது.

ஆயின் காருக்கு நோவில்லை, காளைக்கு உண்டு. குரலாலும் கயிற்றாலும் சோடியை ஒருநேராகச் செலுத்துவதே சாரதியின் வித்தை. ஆணி பொருத்திய தடியாற் குத்தி ஓட்டுவது வித்தையன்று, கொடுமை.

1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சென்றோர் பலர். 2009இல் போர் ஓய்ந்தபின், சவாரித் திடல்களிலே புழுதி மறுபடியும் எழுந்தது.