யாருடைய நலன்?

1890ஆம் ஆண்டில் ஒன்றையொன்று அறியாமல் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில் செனட்டர் ஜான் ஷெர்மனின் பெயர் தாங்கிய முற்றுரிமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் மார்ஷலின் பொருளியல் பெருநூல் வெளிவந்தது. ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கச் சித்தமாயிருந்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடே நாம் அடைந்த நன்மை, அதை அளக்கவும் முடியும் என்றது அந்நூல். பாடநூல்கள் நுகர்வோர் உபரி என்பது இதைத்தான். ஷெர்மனின் கவலை இவ்வளவையில் அடங்குவதன்று. அரசியலில் மன்னரை ஏற்காத நாடு வணிகத்தில் மட்டும் ஏற்பதா என்று கேட்டவர் அவர்.

அக்கேள்வியின் எதிரொலியை 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வான்ஸ், ஷாப்பிங் பேக் என்னும் இரு மளிகைக் கடைத்தொடர்கள் இணைந்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டும் சேர்ந்தாலும் நகர விற்பனையில் 7.5 சதவீதமே. ஆனால் ஒற்றைக் கடை வைத்துப் பிழைத்தவர்கள் 1950இல் 5,365 பேர். 1961இல் 3,818 பேர். நீதிபதி ஹ்யூகோ பிளாக்கை உறுத்தியது இந்த எண். இணைப்பால் விலை ஏறுமா என்று தீர்ப்பு நின்று பார்க்கவில்லை. பொருளியலாளர்கள் கண்டித்தார்கள், அதில் நியாயமும் உண்டு.

1968இல் ஆலிவர் வில்லியம்சன் நலப் பொருளியலின் தராசை இங்கே கொண்டுவந்தார். விலையேற்றத்தால் சமூகம் இழப்பது ஒரு தட்டில், செலவு குறைந்து மிஞ்சுவது மறுதட்டில். சிறிய சிக்கனமே பெரிய விலையேற்றத்தை ஈடுசெய்துவிடும் என்று காட்டினார். வாங்குபவர் பையிலிருந்து விற்பவர் பைக்குப் போன பணம் இக்கணக்கில் இழப்பே அன்று. 1978இல் சட்டப் பேராசிரியர் ராபர்ட் போர்க் இக்கூட்டுத்தொகைக்கு 'நுகர்வோர் நலன்' என்று பெயரிட்டார். மறு ஆண்டே, செவித்துணைக் கருவி வாங்கியோர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அத்தொடரை எடுத்தாண்டது.

தமிழாசிரியனுக்குச் சொல்தான் முதலில் உறுத்தும். சினையின் பெயர் முதலுக்கு ஆகிவந்தால் சினையாகுபெயர் என்று வகுப்பில் எளிதாகக் கடந்துவிடுவோம். இங்கோ நுகர்வோர் என்ற பெயருக்குள் விற்பவரின் லாபமும் ஒளிந்திருந்தது! நீதிமன்றங்கள் பெரும்பாலும் அச்சொல்லை நேர்ப்பொருளில் கொண்டு, வாங்குபவருக்கு விலை ஏறுமா என்றே கேட்டன. எப்படிப் பொருள்கொண்டாலும் கடையை மூடிவிட்டுப் போனவருக்கு அதில் இடமில்லை.

2017இல் சட்ட மாணவி லீனா கான், போர்க் நூலின் தலைப்பையே அமேசானுக்குச் சூட்டி, மலிவு விலையும் ஆதிக்கமும் கைகோத்து வளரக்கூடும் என்று வாதிட்டார். 2021இல் கூட்டரசு வணிக ஆணையத்தின் தலைவரானார். 2023இல் அவ்வாணையம் அமேசான்மீது தொடுத்த வழக்கிலும், வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது என்ற குற்றச்சாட்டைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.