மாத்திரையின் கைரேகை: கையடக்க ராமன் கருவி பற்றி

ஊரிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டியில் ஊறுகாய், அப்பளத்தோடு மாத்திரை அட்டைகளும் இருக்கும். ஆறு மாதத்துக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை நம்புவதைத் தவிர, உள்ளே இருப்பது அதுதானா என்று பார்க்க நம் கையில் வழியேதும் இல்லை. இந்த எண்ணத்தில்தான் சில வருடங்களுக்கு முன்பு, மருந்தின் வேதிப்பொருளை அடையாளம் காட்டும் சிறு கருவியொன்றை வாரயிறுதிகளில் கட்டத் தொடங்கினேன். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தமிழில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கோடியில் ஒரு துகள்

அடிப்படை நமக்குத் தெரிந்த பெயர்தான். திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி.ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் 1928-ல் கண்டறிந்த ஒளிச்சிதறல். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின் மீது பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் திரும்பி வரும். ஏறத்தாழ கோடியில் ஓர் ஒளித்துகள் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்து வரும். எவ்வளவு நகர்கிறது என்பது மூலக்கூறின் பிணைப்புகளைப் பொறுத்தது. ஆகவே நகர்ந்த ஒளியின் நிறமாலை அந்தப் பொருளின் கைரேகை எனலாம். ராமன் சூரிய ஒளியையும் நிற வடிகட்டிகளையும் வைத்துக்கொண்டு கண்ணாலேயே இதைப் பார்த்தார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று சூரியனுக்குப் பதில் லேசர், கண்ணுக்குப் பதில் கேமராச் சில்லு. மாத்திரையைத் தூளாக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். கண்ணாடிக் குப்பிக்கு வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். கருவியைக் கையில் எடுத்துச் செல்ல முடிவது இதனால்தான்.

கட்டிய விதம்

முதலில் மலிவாகக் கிடைத்த 532 நானோமீட்டர் பச்சை லேசரை வைத்துப் பார்த்தேன். தோல்வி. மாத்திரையின் சாயமும் மாவும் பச்சை ஒளியை விழுங்கித் தாமே ஒளிர்ந்தன. கோடியில் ஒன்றாக வரும் துகள் அந்த வெளிச்சத்தில் மூழ்கிப்போனது. அலைநீளம் கூடினால் இந்த ஒளிர்தல் குறையும்; ஆனால் ராமன் சிதறலும் மங்கும், 1000 நானோமீட்டரை நெருங்கும்போது சிலிக்கான் சில்லுக்கும் பார்வை குன்றும். இரண்டுக்கும் நடுவே சமரசமாக 785 நானோமீட்டர் லேசரைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். நானும் அதற்கே மாறினேன். இது கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத ஒளி, விழித்திரையைச் சுட்டுவிடும். அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடியும் மூடிய பெட்டியும் இல்லாமல் யாரும் இதில் கைவைக்க வேண்டாம்.

லேசர் ஒரு சிறு லென்ஸ் வழியே மாத்திரையில் குவியும். திரும்பி வரும் ஒளி அதே லென்ஸ் வழியே வந்து ஒரு வடிகட்டியைச் சந்திக்கும். 785-ஐ அடியோடு தடுத்து, அதற்கு மேலான அலைநீளங்களை மட்டும் விடுவது அதன் வேலை. செலவில் பெரும்பங்கு இதற்கே போனது. பின்னர் ஒரு குறுகிய பிளவு, ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் கீற்றணி, கடைசியில் சில்லு.

அளவுகோலைச் சரிபார்க்க உறை போடாத பாராசிட்டமால் மாத்திரையே போதும். அதன் ராமன் கோடுகள் துல்லியமாக அளக்கப்பட்டு, பன்னாட்டு அளவில் ஒப்பீட்டுப் பொருளாக ஏற்கப்பட்டவை. 785 நானோமீட்டர் லேசருக்கு 842, 876, 902 நானோமீட்டர்களுக்கு அருகே தெளிவான முகடுகள் வரவேண்டும். முதன்முறை அவை திரையில் எழும்பியபோது இரவு ஒரு மணி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

அத்தையின் மாத்திரை

அந்த உற்சாகத்தில் ஒரு தவறு செய்தேன். விருந்துக்கு வந்திருந்த அத்தை, தைராய்டுக்குப் போடும் மாத்திரையை நீட்டி, "இதையும் பாரேன்" என்றார். கருவி லாக்டோஸ் எனும் பால் சர்க்கரையைக் காட்டியது, வேறொன்றும் காட்டவில்லை. நானும் வாய் சும்மா இராமல் அதைச் சொன்னேன். "ஏண்டா, அப்போ இத்தனை நாளா நான் முழுங்கினது வெறும் சர்க்கரைதானா?" என்றார். சிரித்துவிட்டு விளக்கம் சொன்னேன். ஆனால் அவர் அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. அந்த மாத்திரையில் இருக்கவேண்டிய தைராக்சின் 50 மைக்ரோகிராம். மாத்திரையின் எடை சுமார் 100 மில்லிகிராம். அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் மாத்திரைக்கு உருவம் கொடுக்கும் துணைப்பொருள்கள். அந்த ஒரு பங்கு என் கருவியின் கண்ணில் படாது. மாறாக 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் பெரும்பகுதி மருந்தேதான். அதனால்தான் அது பளிச்சென்று தெரிந்தது. தைராக்சின் உடலிலிருந்து மெல்லக் கழியும் மருந்து, பாதி குறையவே ஒரு வாரம் ஆகும். ஆகவே கேடொன்றும் நேரவில்லை. அதுவே வலிப்புக்கான மருந்தாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் கூசுகிறது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். "காணவில்லை" என்று கருவி சொன்னால் "இல்லை" என்று பொருளல்ல. மேலுறையில் டைட்டானியம் டை ஆக்சைடு இருந்தால் அதன் கோடுகளே முந்திக்கொண்டு நிற்கும். நூலகத்தில் பதியாத பொருளைக் கருவியால் பெயர் சொல்லி அழைக்கவும் முடியாது.

எங்கே வைத்துப் பார்ப்பது?

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது. நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 முதல் கையடக்க ராமன் கருவிகளைப் போலி மருந்து தேடப் பயன்படுத்தியது. இதற்கும் முன்பே, ஜெர்மனியில் உருவான 'மினிலாப்' என்ற பெட்டி, மென்படல நிறப்பிரிகை முறையில் மருந்தின் அளவையும் தோராயமாகச் சொல்லிவந்தது. ராமன் கருவியைவிட மெதுவானது, கரைப்பான்கள் வேண்டும். ஆனால் மருந்து பாதியளவே இருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல.

ஆனால் அண்மைக்காலப் பெருந்துயரங்கள் மாத்திரையால் நேர்ந்தவையல்ல, குழந்தைகளுக்கான பானகத்தால் நேர்ந்தவை. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் சிறுநீரகத்தை அழிப்பது. 1937-ல் அமெரிக்காவில் அதில் கரைத்து விற்ற மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டே புதிய மருந்துச் சட்டம் வந்தது. 2022-ல் காம்பியாவில் இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டு அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்படும் எல்லை 0.1 விழுக்காடு.

மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் என் கருவியில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டும் நிறமற்ற, தடித்த நீர்மங்கள்தாம்; கருவிக்கு வெவ்வேறு கைரேகை. டைஎத்திலீன் கிளைக்காலின் கைரேகையும் இவ்விரண்டினின்று வேறானது. 0.1 விழுக்காட்டை என் கருவி பிடிக்காது. அதற்கு வளிம நிறப்பிரிகை ஆய்வகம் வேண்டும். ஆனால் ஒரு பீப்பாயில் பெயர்ச்சீட்டு ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருந்தால், தொழிற்சாலை வாசலிலேயே ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும். உலகின் நல்ல மருந்து ஆலைகள் இக்கருவியை இறக்குமிடத்தில் வைத்திருப்பது இதற்குத்தான்.

வீட்டுக்கொரு மருந்துக் கருவி என்ற ஆசையோடு தொடங்கினேன். இப்போது அந்த ஆசை இல்லை. விழுங்குகிறவர் கையில் கொடுத்தால் இது பயத்தைத்தான் பெருக்கும் என்பதை அத்தையிடம் கற்றேன். பீப்பாய்களை இறக்குகிறவர் கையில் இருக்க வேண்டிய கருவி இது. மருந்து பானகமாகிக் குப்பியில் அடைபட்டு ஊர் ஊராகப் போனபிறகு தேடுவதைவிட, அந்த ஒரு பீப்பாயைத் திருப்பி அனுப்புவது எளிது. அத்தை இப்போது மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். கருவி பக்கம் மட்டும் வருவதில்லை.