கைவிட்டுப் போகாத இசைத்தட்டு

லண்டனின் சோல் ஜாஸ் ரெக்கார்ட்ஸ் 1996-இல் ‘மெசேஜ் ஃப்ரம் தி டிரைப்’ என்ற தொகுப்பைத் தன் துணை லேபிளான யுனிவர்சல் சவுண்டில் வெளியிட்டது. அதிலிருந்த இசைக்கு அப்போதே ஏறக்குறைய இருபது வயது ஆகியிருந்தது. பிறந்த ஊர் டெட்ராய்ட்.

1972-இல் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் டெட்ராய்ட்டைக் காலிசெய்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. அதன் ஸ்டுடியோவை நம்பியிருந்த வாத்தியக்காரர்கள் பலருக்குப் பிழைப்பு போயிற்று. அதே ஆண்டில்தான் சாக்ஸபோன் கலைஞர் வெண்டல் ஹாரிசனும், இண்டியானாபொலிஸிலிருந்து வந்திருந்த டிராம்போன் கலைஞர் ஃபில் ரானலினும் ‘டிரைப்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இன்னொரு பெரிய கம்பெனி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கச்சேரியும் அவர்களே, தட்டு வெளியிடுவதும் அவர்களே. கச்சேரிக்காக அச்சடித்த நிகழ்ச்சி நிரல், விளம்பரங்களின் துணையோடு வளர்ந்து, கறுப்பின மக்களின் அரசியலையும் கலையையும் பேசும் பத்திரிகையாகவே ஆனது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பதிவின் உரிமை வாசித்தவர்களிடமே இருந்தது.

அந்த இசையை நெருங்கிக் கேட்க வேண்டும். பேஸ் ஒரு சிறு சுரக்கோவையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். டிரம்ஸ் அதை விட்டு விலகாது. அந்தப் பிடிமானம் இருப்பதால்தான் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் எந்த எல்லைக்கும் போய் அலறிவிட்டுத் திரும்ப முடிகிறது. புதுமை ஜாஸ் என்றாலே தாளம் சிதறிவிடும் என்று ஒதுங்குபவர்கள், ரே சார்ல்ஸ் குழுவில் வாசித்த ட்ரம்பெட் கலைஞர் மார்கஸ் பெல்கிரேவ் டிரைப்பில் வெளியிட்ட ‘ஜெமினி II’ (1974) தட்டிலிருந்து தொடங்கலாம். கால் தானாக ஆடும்.

எண்பதுகளின் இறுதியில் லண்டன் காம்டனின் டிங்வால்ஸ் அரங்கில், ஞாயிறு மதியங்களில் ஜில்ஸ் பீட்டர்சன் போன்ற டிஜேக்கள் போட்ட பழைய ஜாஸ் தட்டுகளுக்கு இளைஞர்கள் ஆடினார்கள். இப்படிப்பட்ட இசைக்கான தேடல் அங்கே வளர்ந்தது. குறைந்த எண்ணிக்கையில் வந்த டெட்ராய்ட் தட்டுகள் சேகரிப்பாளர்களின் கைகளில் விலையேறின. அந்தப் பழைய தட்டு எவ்வளவுக்குக் கைமாறினாலும் வாசித்தவருக்கு ஒரு காசும் போகாது. உரிமை பெற்று வெளியிடும் தொகுப்பில் அவருக்குப் பங்கு உண்டு. அதனால் அரிய முதல் அச்சைவிட இத்தகைய தொகுப்பையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

வினைலில் தொகுப்பது லேசான வேலையும் அல்ல. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் காடிகளை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி தணியும், பேஸ் மெலியும். பேஸையே முதுகெலும்பாகக் கொண்ட இசைக்கு அந்த இழப்பு கட்டாது.

2009-இல் டெட்ராய்ட்டின் டெக்னோ கலைஞர் கார்ல் கிரெய்க், ஹாரிசன், ரானலின், பெல்கிரேவ், டிரம்ஸ் கலைஞர் டக் ஹேமண்ட் ஆகியோரைச் சேர்த்து டிரைப் பெயரிலேயே புதிய ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பெயர் ‘ரீபர்த்’. 1978-இல் ஜாஸ் கற்றுத்தருவதற்காக ஹாரிசன் டெட்ராய்ட்டில் தொடங்கிய அமைப்பின் பெயரும் அதுதான்.