பாவையின் தோலில் பச்சை: பண்டை எகிப்தின் சிற்றுருவங்களில் பச்சைக்குத்துக் குறிகளின் வரலாறு

தீப்ஸ் நகரின் மேற்குக் கரையில், தேர் எல்-பஹாரியில், நெஃபர்ஹோத்தெப் என்பவரின் கல்லறையில் கிடைத்த நீலநிறப் பெண் பாவை ஒன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ளது. காலம் ஏறத்தாழ கி.மு. 2000. உயரம் ஒரு சாண்கூட இல்லை. இடுப்பில் சோழி கோத்த மேகலை. கால்கள் முழங்காலோடு முடிந்துவிடுகின்றன. பாதம் செய்யப்படவே இல்லை. ஆனால் தொடைகளில் கரும்புள்ளிகள் சாய்சதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பாதத்தை விட்ட கைவினைஞர் புள்ளியை விடவில்லை.

இந்தப் புள்ளிகள் பச்சைக்குத்தைக் குறிக்கின்றன என்பதை இன்று அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கின்றனர். அந்த முடிவு எளிதில் வந்ததல்ல. ஒரு பாவையின் உடலில் உள்ள கறுப்புப் புள்ளி மணிமாலையாக இருக்கலாம். துணியின் பூவேலையாக இருக்கலாம். குளித்தால் போய்விடும் மையாக, ஏன், வெறும் அலங்காரமாகக்கூட இருக்கலாம். பாவையை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. உண்மையான மனிதத் தோல் கிடைத்த பிறகே பாவை ஓவியரின் தூரிகை எதைப் பார்த்து நகர்ந்தது என்று தெரிந்தது. ஊசி மாறியபோதெல்லாம் தூரிகையும் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். மூவாயிரம் ஆண்டு எகிப்தியக் கலையில் இந்தப் பிணைப்பு ஓரிரு இடங்களில் மட்டுமே இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

தோலின் சாட்சியம் முதலில் 1891இல் வந்தது. தேர் எல்-பஹாரியில் யூஜின் கிரேபோ கண்டெடுத்த ஆமுனெத் என்ற பெண்ணின் மம்மியில், அடிவயிற்றிலும் கைகளிலும் தொடைகளிலும் புள்ளிகளும் சிறு கோடுகளும் இருந்தன. இரண்டாம் மெந்துஹோத்தெப் மன்னர் காலத்தில் ஹாத்தோர் தெய்வத்தின் பூசாரியாக இருந்தவர் அவர். 1898இல் இக்குறிகளை ஆராய்ந்த மருத்துவர் டேனியல் ஃபூகே, இடுப்புப் பகுதி நோய்க்குச் செய்த சிகிச்சை என்றார். 1923இல் அதே வளாகத்தில் ஹெர்பர்ட் வின்லாக் மேலும் இரு பெண்களைக் கண்டெடுத்தார். அவர்கள் உடலிலும் அதே புள்ளிகள், அதே சாய்சதுரங்கள். வின்லாக் அவர்களை ஆடல்மகளிர் என்று எழுதினார். மன்னரின் நினைவுக் கோயில் வளாகத்தில் அடக்கமாகும் தகுதி பெற்றிருந்த பெண்களை வேறு எதுவாகவும் எண்ண அவருக்குத் தோன்றவில்லை போலும்!

இதே மனப்போக்கு பாவைகளுக்கும் பெயர் வைத்தது. அவற்றை இறந்தவரின் ஆசைநாயகிகள் என்றார்கள். கல்லறையில் கிடக்கும் ஆணுக்கு மறுமையில் துணையாக வைக்கப்பட்டவை, ஓடிப்போகாமலிருக்கவே கால்கள் குறைக்கப்பட்டன என்று விளக்கமும் தந்தார்கள். இப்பாவைகள் பெண்களின், குழந்தைகளின் புதைகுழிகளிலும் வீடுகளிலும் ஹாத்தோர் கோயில்களிலும் கிடைத்திருக்கின்றன. ஜெரால்டின் பின்ச் 1993இல் ஹாத்தோருக்கு அளிக்கப்பட்ட நேர்த்திப் பொருள்களை ஆராய்ந்து, இவை கருத்தரிப்பும் மகப்பேறும் வேண்டி வைக்கப்பட்டவை என்று காட்டினார். பச்சைக்குத்துக்கும் இதையொட்டிய விளக்கம் பிறகு வந்தது. வயிறு பெருக்கும்போது அடிவயிற்றுப் புள்ளிகள் வலைபோல் விரிந்து கருவைச் சூழ்ந்து காக்கும் என்பது ஜோஆன் ஃப்ளெட்சரின் கருத்து. இதை மெய்ப்பிக்க நேரடிச் சான்று இல்லை. ஆனால் குறிகள் உடலில் அமைந்திருக்கும் இடத்தோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

செய்முறைக்கு வருவோம். இங்கேதான் பாவை நமக்கு அதிகம் சொல்கிறது. இந்த நீலப் பாவைகள் ஃபையான்ஸ் என்ற கலவையால் ஆனவை. பெயர் கேட்டுக் களிமண் என்று எண்ணிவிடக் கூடாது. இது பொடித்த படிகக்கல்லோடு சுண்ணாம்பும் கார உப்பும் செம்புச் சேர்மமும் சேர்த்துப் பிசைந்த மாவு. காயும்போது உப்பு மேற்பரப்பில் பூத்து வரும். சூளையில் அதுவே உருகி நீலப் பளிங்குப் பூச்சாகும். கறுப்பு நுணுக்கங்களுக்கு மாங்கனீசுக் குழம்பைத் தொட்டுச் சுடுவதற்கு முன்பே வரைய வேண்டும். சுட்டபின் அதைத் திருத்த வழியில்லை. நெருப்பில் பூச்சு உருகும்போது கோடு கசியவும் கூடும்.

அப்படியானால் கோடு வரைவது கடினம் என்பதால்தான் ஓவியர் புள்ளியோடு நிறுத்திக்கொண்டாரா? இந்த ஐயம் நியாயமானது. விடை வேறொரு ஃபையான்ஸ் உருவத்தில் இருக்கிறது. மெயிர் என்ற ஊரில், 12ஆம் வம்சத்தைச் சேர்ந்த இரண்டாம் செம்பியின் கல்லறையில் கிடைத்து, 1917 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் நீர்யானையை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் முழுவதும் தாமரைப் பூவும் மொட்டும் இலையும் மெல்லிய கறுப்புக் கோடுகளில் ஓடுகின்றன. பொருளும் நிறமும் செய்முறையும் பாவைக்கு உரியவையே. காலமும் பெரிதும் விலகியதல்ல. நீர்யானையின் முதுகில் தாமரைத் தண்டை இவ்வளவு லாவகமாக இழுக்க இந்தத் தொழில் இடம் கொடுத்தது என்றால், பெண்ணின் தொடையில் புள்ளி வைத்தது இயலாமையால் அல்ல. தோலில் புள்ளி இருந்தது. பாவையிலும் புள்ளி வந்தது. பாவையின் சாய்சதுரங்களை வின்லாக் கண்ட பெண்களின் உடற்குறிகளோடு ஒப்பிட்டால், இடமும் அமைப்பும் ஒத்துப்போவதைக் காணலாம்.

நிறத்தில் மட்டும் ஓவியர் நிஜத்தைப் பொருட்படுத்தவில்லை. தோலுக்கடியில் இறங்கிய கரி, மேலிருந்து பார்க்கும்போது நீலம் கலந்த பச்சையாகவே தெரியும். பாட்டிகளின் கையில் பச்சையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பாவையிலோ உடலே நீலம். அதில் நீலப்பச்சைப் புள்ளி வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? எனவே நிறங்கள் இடம் மாறின.

எகிப்துக்குத் தெற்கே நூபியாவில் இதே காலத்தில் வாழ்ந்த மக்களை ஆய்வாளர்கள் ‘சி குழு’ என்று அழைக்கிறார்கள். அனிபாவில் ஜார்ஜ் ஸ்டெய்ன்டார்ஃப் நடத்திய அகழாய்வுகளில் அவர்களுடைய சுடுமண் பெண்ணுருவங்கள் கிடைத்தன. அவற்றிலும் சாய்சதுரப் புள்ளிகள் உண்டு; ஆனால் அவை வரையப்பட்டவை அல்ல, ஈரக் களிமண்ணில் முனை கொண்டு குத்தப்பட்டவை. நூபியக் கைவினைஞர் பாவையின் உடலில் செய்ததும் பச்சைகுத்துபவர் பெண்ணின் உடலில் செய்ததும் ஏறக்குறைய ஒரே வேலை. எகிப்தின் ஹியராகோன்போலிஸில் இருந்த சி குழுவினரின் இடுகாட்டில் பச்சை குத்திய பெண்கள் மூவரை ரெனே ஃப்ரீட்மேன் குழுவினர் கண்டறிந்தபோது, அவர்கள் தோலிலும் புள்ளிக் கூட்டங்களே இருந்தன. எகிப்தியரின் புள்ளி மரபு நூபியாவிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். லூயி கைமர் 1948இல் எழுதிய நூலிலேயே நூபியத் தொடர்பு பேசப்பட்டுவிட்டது. எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. எகிப்தில் பச்சை குத்தும் வழக்கம் இதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது.

அந்த முந்தைய காலத்தின் சான்று நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. மன்னராட்சிக்கு முற்பட்ட நகாதா காலத்துச் சுடுமண் பெண்ணுருவங்கள் சிலவற்றில் விலங்குகளும் செடிகளும் நெளிகோடுகளும் உடலெங்கும் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் அக்காலப் பானைகளிலும் இவையே தீட்டப்பட்டன. பானைக்குத் தீட்டியவர் பாவைக்கும் தீட்டினார், அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிட எளிதாக இருந்தது. போதாக்குறைக்கு இவ்வகை உருவங்களில் பல அகழாய்வில் வெளிவந்தவை அல்ல, பழம்பொருள் சந்தையில் வாங்கிச் சேர்த்தவை. 1968இல் இந்தச் சிற்றுருவங்களை விரிவாக ஆராய்ந்த பீட்டர் உக்கோ, எல்லாவற்றையும் தாய்த்தெய்வம் என்று அடைக்கும் பழக்கத்தைக் கடுமையாக மறுத்தார்.

2018இல் நிலைமை மாறியது. கெபெலெய்னில் கிடைத்து, நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு இயற்கை மம்மிகளை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தார்கள். ஆணின் மேற்கையில் கறைபோலத் தெரிந்த இடத்தில் ஒரு காட்டெருதும் ஒரு காட்டுச் செம்மறியும் வெளிப்பட்டன. பெண்ணின் வலது தோளில் எஸ் வடிவ வளைவுகள் நான்கு. காலம் கி.மு. 3351க்கும் 3017க்கும் இடைப்பட்டது. அந்த எஸ் வடிவம் அக்காலப் பானைகளிலும் உள்ளது. பானை அலங்காரமா, பச்சைக்குத்தா என்று இரண்டிலொன்றைத் தேர்வு செய்யச் சொன்ன பழைய கேள்வி இத்துடன் பொருளிழந்தது. ஒரே குறி பானையிலும் தோலிலும் இருந்திருக்கிறது. பாவையில் இருந்ததையும் இனி வெறும் பானை வேலை என்று தள்ள முடியாது. அதற்காகத் தீட்டிய பாவை ஒவ்வொன்றும் பச்சை குத்திய பெண்ணே என்று சொல்லிவிடவும் கூடாது.

நீலப் பாவைகளின் காலமான இடை அரசுக் காலத்துக்குத் திரும்பி, அக்காலத்துத் துடுப்பு வடிவ மரப் பாவைகளைப் பற்றி ஒரு சொல். தட்டையான பலகை உடல், மண்மணி கோத்த கூந்தல், மேலே ஆடைக் கோலம், புள்ளிக் குறிகள், சில நேரம் விலங்குகள். எலென் மாரிஸ் 2011இல் இவற்றை ஹாத்தோர் வழிபாட்டின் ஆடல்பாடல் குழுப் பெண்களோடு இணைத்தார். வின்லாக்கின் ஆடல்மகளிர் வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வருகிறார்கள். இம்முறை இழிவாக அல்ல, சடங்குக்குரிய மதிப்போடு.

புதிய அரசுக் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 1550–1070) புள்ளிகளின் இடத்தை உருவங்கள் பிடிக்கின்றன. லெய்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஃபையான்ஸ் கிண்ணம் ஒன்றின் உட்புறத்தில் ஒரு பெண் நரம்புக் கருவி ஒன்றை மீட்டுகிறாள். அவள் தொடையில் பெஸ் தெய்வம். பிரசவத்தையும் குழந்தையையும் காக்கும் அந்தக் குள்ள தெய்வத்தைக் கிண்ண ஓவியர் மிகச் சிறிய இடத்தில், அடையாளம் தெரியும்படி வைத்துவிட்டார். இது ஓவியரின் கற்பனையோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. பிற்கால நூபியாவின் அக்‌ஷாவில் தொடையில் பெஸ் பச்சை குத்திய பெண் ஒருத்தியின் உடல் கிடைத்தது. ஆனால் அவள் ஆயிரம் ஆண்டுகள் பிந்தியவள்.

எகிப்தியச் சான்று தேர் எல்-மதீனாவில் கிடைத்தது. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து தீட்டிய கைவினைஞர்களின் ஊர் அது. அங்கே 2014இல் ஆன் ஆஸ்டின் ஒரு பெண் மம்மியின் கழுத்தில் குறிகளைக் கண்டார். அவை வரையப்பட்டவை என்றே முதலில் எண்ணினார். பிறகுதான் தோலுக்குள் இறங்கியவை என்று புலப்பட்டது. பாவையில் நமக்கு எழும் அதே குழப்பம் நிஜ உடலிலும் எழுகிறது என்பது கவனிக்கத் தக்கது. அகச்சிவப்பு ஒளியில் முப்பதுக்கு மேற்பட்ட பச்சைகள் தெரிந்தன. கழுத்திலும் தோள்களிலும் முதுகிலும் காக்கும் கண், கழுத்தில் குரங்குகள், கையில் ஹாத்தோரின் பசுக்கள், இடுப்பில் தாமரை. 2022இல் ஆஸ்டினும் மாரி-லிஸ் ஆர்னெத்தும் அடுத்த படியை எடுத்தார்கள். அதே ஊரின் மேலும் இரு பெண்களின் இடுப்புப் பகுதியில் பச்சை இருந்ததையும், அங்கே கிடைத்த சுடுமண் பெண்ணுருவத் துண்டுகள் மூன்றில் கீழ்முதுகிலும் தொடையின் மேற்பகுதியிலும் கறுப்பில் வரைந்த குறிகள் இருந்ததையும் அருகருகே வைத்தார்கள். பெஸ் உருவமும் அவற்றுள் உண்டு.

அந்தத் துண்டுகள் அழகானவை அல்ல. முரட்டு மண், அவசரக் கோடு. ஆனால் முதுகுப்புறத்தில், சரியாக இடுப்பெலும்பு அகலும் இடத்தில் அந்தக் கோடு விழுந்திருக்கிறது. அழகு சேர்ப்பது மட்டுமே நோக்கமானால் முன்புறமே போதும். வரைந்தவர் அல்லது வரையச் சொன்னவர் அத்தகைய முதுகை அறிந்திருக்கிறார். மாங்கனீசுக் குழம்பும் சூளையும் தேர்ந்த பட்டறையும் தேவைப்பட்ட வேலை, ஆறேழு நூற்றாண்டு கழித்து ஊர்மண்ணுக்கும் ஒரு தொட்டுத் தீட்டலுக்கும் இறங்கிவந்திருக்கிறது. நுணுக்கம் குறைந்தது, குறி விழ வேண்டிய இடம் பிசகவில்லை.

இவையெல்லாம் பெண்ணுருவங்கள். ஆண் உருவில் பச்சைக்குத்தைக் காண வேண்டுமானால், தேர் எல்-மதீனாவிலிருந்து நடந்தே போகக்கூடிய மெதினெத் ஹாபுவுக்குச் செல்ல வேண்டும். மூன்றாம் ராம்செஸ் (ஏறத்தாழ கி.மு. 1184–1153) கட்டிய அந்தக் கோயில் அரண்மனையைச் சேர்ந்த ஃபையான்ஸ் ஓடுகளில், தோற்ற நாடுகளின் கைதிகள் கட்டுண்டு நிற்கிறார்கள். சிரியர், நூபியர், லிபியர் ஒவ்வொருவருக்கும் ஆடையும் தாடியும் தோல்நிறமும் தனித்தனி. லிபியரின் உடலில் மட்டும் பச்சைக் குறிகளைக் கவனமாகத் தீட்டியிருக்கிறார்கள். பளிங்குப் பூச்சு, நுண்ணிய தூரிகை, சிறிய உருவம் எல்லாம் பழைய நீலப் பாவையை ஒத்தவை. பயன் மட்டும் வேறு. தேர் எல்-மதீனாவில் பச்சை ஒரு தாயைக் காத்தது. இங்கே எதிரி எந்த நாட்டவன் என்று அடையாளம் காட்டியது. ஒரே ஊர்ப்புறத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இவ்விரண்டும் நடந்தன.