பொட்டலத்தில் ஊர் சுற்றிய பூ

1960இல் வடக்கு ஈராக்கின் மலைகளில் ஷனிதார் என்ற குகையைத் தோண்டிக்கொண்டிருந்தார் அமெரிக்கத் தொல்லியலாளர் ரால்ஃப் சோலெக்கி. அங்கே ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புகள் கிடைத்தன. எலும்பைச் சுற்றியிருந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளிப் பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். அங்கே மகரந்த ஆராய்ச்சியில் கைதேர்ந்த அர்லெட் லெரோய்-கூரான் அம்மையார் நுண்ணோக்கியில் பார்த்தால், மண்ணுக்குள் பூக்களின் மகரந்தம் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. அதில் ஒன்று ஹாலிஹாக் இனத்துப் பூ. போதாதா? செத்தவருக்குப் பூப்போட்டு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிய சோலெக்கி, 1971இல் அவர்களை 'முதல் பூ மனிதர்கள்' என்று அழைத்துப் புத்தகமே எழுதிவிட்டார். ஹிப்பிகள் தலையில் பூச்சூடித் திரிந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளை தோண்டும் எலிகள் சேர்த்துவைத்த பூக்கள் என்று பிறகு ஒருவர் மறுத்தார்; மண்ணில் கூடு கட்டும் தேனீக்கள் கொண்டுவந்த மகரந்தமாக இருக்கலாம் என்று 2023இல் இன்னொரு ஆய்வு சொன்னது. கொண்டுவந்தது யாராக இருந்தாலும், அந்த மண்ணுக்குள் ஹாலிஹாக்கின் சொந்தபந்தத்து மகரந்தம் கிடந்தது என்பதில் சண்டை இல்லை.

ஊட்டி, குன்னூர் பக்கம் போனவர்கள் ஹாலிஹாக்கைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். சுவரோரமாக ஆளை விட உயரமாக ஒற்றைத் தண்டு. அதில் கீழிருந்து மேலாக வரிசையாகப் பூக்கள். பூவின் நடுவில் மகரந்தத் தூண் நிற்பதைப் பார்த்தால் செம்பருத்தி ஞாபகம் வரும். அது சரிதான்: செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு, நம் வேலியோரத் துத்தி எல்லாம் இதற்கு ஒரே குடும்பம்.

ஆனால் இதன் சொந்த ஊர் எது என்று கேட்டால் பதில் தடுமாறும். தோட்டத்து ஹாலிஹாக்கைத் தானாக வளரும் காட்டுச் செடியாக, அதன் பூர்வீகம் என்று உறுதியாகச் சொல்லும்படி, யாரும் எங்கும் கண்டதில்லை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு அல்சியா ரோசியா என்று பெயர் வைத்தார். சீனத்துச் செடி என்றே நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. துருக்கிப் பக்கத்துக் காட்டு இனங்கள் இரண்டு கலந்து பிறந்ததாக இருக்கலாம் என்று இப்போது சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் மனிதர்களின் தோட்டத்திலேயே பிறந்து, காட்டையே பார்க்காமல் வளர்ந்த செடி இது.

சீனர்கள் இதைச் சிச்சுவான் பகுதியோடு சேர்த்துப் பேசுவார்கள். அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. ஜப்பானியத் தோட்டக்காரர்களுக்கு இது ஒரு நாட்காட்டி. மழைக்காலம் தொடங்கும்போது அடிப்பூ மலரும், உச்சிப்பூ மலர்ந்தால் மழை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஓவியர் ஓகாதா கோரின் தங்கப் பின்னணியில் தீட்டிய மடிப்புத் திரை ஒன்றில் மயிலுக்கு ஜோடியாக நிற்பதும் இந்தப் பூதான். மயிலுக்குப் பக்கத்தில் நின்று எடுபடுகிற பூ வேறு எத்தனை இருக்கும்?

மேற்குப் பக்கம் போன கதையில் மருந்துக் கடைக்காரர்களுக்கு முதல் இடம். இலையிலும் வேரிலும் வெண்டைக்காய் போன்ற வழவழப்பு இருப்பதால் இருமலுக்கும் வீக்கத்துக்கும் இந்தச் செடியைத் தேடினார்கள். வட இந்தியாவின் யுனானி மருந்துக் கடைகளில் இன்றும் குல்கைரு என்று கேட்டால் உலர்ந்த பூவை எடுத்துக் கொடுப்பார்கள். ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலிலேயே இதன் படம் வந்துவிட்டது. 1629இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜான் பார்க்கின்சன் கறுப்பு இரத்தம் போன்ற நிறத்தில் ஒரு வகை உண்டு என்று குறித்துவைத்தார். அந்தக் கறுப்பு வகையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் அது ஒரு தில்லுமுல்லு செய்யப்போகிறது.

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் சீக்கிரமே. நியூ இங்கிலாந்தில் எந்தெந்தச் செடி பிழைக்கிறது என்று ஆங்கிலப் பயணி ஜான் ஜோசலின் 1672இல் போட்ட பட்டியலில் ஹாலிஹாக் இருக்கிறது. அமெரிக்கக் கிராமங்களில் இதற்கு ஒரு சங்கடமான வேலை வாய்த்தது. வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கும் கழிப்பறையைச் சுற்றி இதை நட்டார்கள். உயரமாக வளர்ந்து மறைத்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். விருந்துக்கு வந்த பெண்கள் 'எங்கே இருக்கிறது?' என்று கூச்சப்பட்டுக் கேட்க வேண்டாம், பூவைப் பார்த்தே போய்விடலாம் என்பது இன்னொன்று. பிள்ளைகளோ மலர்ந்த பூவைக் கவிழ்த்துப் பாவாடையாக்கி, மொட்டைத் தலையாகச் செருகிப் பொம்மை செய்தார்கள்.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 1821இல் வேல்ஸில் ஃபிளின்ட் ஊருக்கு அருகே சுமார் 280 ஏக்கரில் இதைப் பயிரிட்டார்கள் என்று மூலிகை நூலாசிரியர் மாட் கிரீவ் எழுதுகிறார். தண்டிலிருந்து சணலைப் போல நார் எடுப்பது திட்டம். நார் எடுக்கப்போன இடத்தில் அவுரிக்கு நிகரான நீலச் சாயம் கிடைத்ததாம். அவுரி இன்றும் நமக்குத் தெரியும். ஹாலிஹாக் நீலம் கேள்விப்பட்டவர் உண்டா?

இப்போது அந்தக் கறுப்புப் பூ. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்னும் பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றது. ஒயினுக்குத் தட்டுப்பாடு. வெளிறிப்போன சரக்கைச் சிவப்பாக்கிக் காட்டக் கலப்படக்காரர்கள் கையில் எடுத்தவற்றில் கறுப்பு ஹாலிஹாக்கின் இதழ்களும் ஒன்று. கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேதியியல் சோதனைகளை வகுத்த நிபுணர்களுக்கு இந்தப் பூ நன்றாகவே அறிமுகம்.

இந்தக் கதையில் என் மனதுக்கு நெருக்கமான ஊர் இங்கிலாந்தின் சாஃப்ரன் வால்டன். பேரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. ஒரு காலத்தில் அதைப் பயிரிட்டுக் கொழித்த ஊர். அந்த வியாபாரம் படுத்துப்போன பிறகு பூவுக்குப் பூ என்று ஹாலிஹாக் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் தோட்டக்கலை மேதை யாரும் இல்லை, சார்லஸ் பாரன் என்ற செருப்புத் தைப்பவர். நல்ல செடிகளாகப் பார்த்து விதை எடுத்து, விதைத்து, மறுபடி தேர்ந்தெடுத்து, ஒற்றை இதழ்ப் பூவை அடுக்குப் பூவாகத் திரட்டினார். அவரிடமிருந்து அந்தச் செல்வத்தை வாங்கி வளர்த்தவர் அதே ஊர் நர்சரிக்காரர் வில்லியம் சேட்டர். விக்டோரியா காலத்து மலர்க் கண்காட்சிகளில் அடுக்கு ஹாலிஹாக் மோகம் கிளம்பியது. தனித்தனிப் பெயர் சூட்டிய ரகங்கள் வந்தன. விதை போட்டால் தாயைப் போலவே வரும் என்று உறுதியில்லாததால், அவற்றைப் பதியன் குச்சிகளாகவும் வேர் ஒட்டாகவும் பெருக்கி விற்றார்கள்.

பிறகு 1873 வந்தது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் துத்திக் குடும்பத்துச் செடிகளைப் பிடிக்கும் ஒரு துரு நோய் உண்டு. இலையின் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் கிளம்பி, கீழிலைகள் சுருண்டு காய்ந்து தொங்கும். ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக அது இங்கிலாந்துக்குள் நுழைந்தது. கோதுமைத் துருவைப் போல வேறொரு செடியில் போய்த் தங்கிவரும் தேவை இதற்கு இல்லை. ஹாலிஹாக்கிலிருந்து ஹாலிஹாக்குக்கே தாவும். விதையோடு ஒட்டிவரும் சருகிலும் பயணம் செய்யும். எந்த விதைப் பொட்டலம் பூவை ஊர் ஊராகக் கொண்டுபோனதோ, அதுவே எமனையும் சுமந்தது. பெயர் பெற்ற ரகங்களுக்கு இது பேரிடி. குச்சியால் பெருக்கியவை எல்லாம் ஒரே உடம்பு. பழைய செடியிலேயே நோயும் குடியிருந்தது. சேட்டரின் நர்சரி நிலைகுலைந்தது.

மீண்டது விதையால்தான். புதிதாக முளைத்த கன்று முதல் ஆண்டில் ஓரளவு தெம்பாக நிற்கும். மறு ஆண்டு துரு முற்றுவதற்குள் பூத்துத் தள்ளிவிடும். ஆகவே பழைய செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு ஆண்டுதோறும் புது விதை போடும் வழக்கம் பரவியது. பெயர் சூட்டிய பிரபுக்கள் மறைந்தார்கள். நிறம் கலந்த விதைப் பொட்டலம் தப்பியது. 'சேட்டர்ஸ் டபுள்' என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

கொஞ்ச காலத்தில் கட்டடக் கலையிலும் இது ஏறிக்கொண்டது. எண்ணெய்ச் செல்வத்தின் வாரிசான அலைன் பார்ன்ஸ்டாலுக்குப் பிடித்த பூ ஹாலிஹாக். 1919 முதல் 1921 வரை லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கு வீடு கட்டிய ஃபிராங்க் லாய்ட் ரைட், கூரை விளிம்பிலும் சுவரிலும் நாற்காலியின் முதுகிலும் அந்தப் பூந்தண்டைக் கோடும் கோணமுமாக வார்த்துவைத்தார். அந்த அம்மாள் அதில் அதிகம் குடியிருக்கவில்லை. 1927இல் நகரத்துக்கே கொடுத்துவிட்டார். 2019இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கான்கிரீட் ஹாலிஹாக்குக்கு மட்டும் துரு நோய் வராது.

விதை போட ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. காய் முற்றிக் காய்ந்ததும் மூடியிருக்கும் புல்லியைப் பிரித்தால், காசுகளைச் செங்குத்தாக நிறுத்தி வட்டமாக அடுக்கியதுபோல விதைகள் இருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும்; இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆணிவேர் ஆழமாக இறங்கும், அதனால் நான்கைந்து இலை விடுவதற்குள் நிலையான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலானவை முதல் ஆண்டு இலையை மட்டும் விரித்து உட்கார்ந்திருக்கும். குளிர் பட்டு, மறு ஆண்டுதான் தண்டு எழும். நம் சமவெளியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? டெல்லிப் பக்கம் செய்வதுபோல, விதைத்த பருவத்திலேயே பூக்கும் ரகமாகப் பார்த்து அக்டோபரில் போடலாம். நெருக்கி நடாமல், இலையில் தண்ணீர் தெளிக்காமல் வேரில் ஊற்றினால் துருவும் தள்ளி நிற்கும். விதை எடுத்துவைக்கும் உத்தேசம் இருந்தால் கறுப்பையும் மஞ்சளையும் அடுத்தடுத்து நடாதீர்கள். தேனீக்கள் இரண்டையும் கலந்துவிடும், அடுத்த ஆண்டு என்ன நிறம் வரும் என்று உங்களுக்கும் தெரியாது.