பெயரொன்று வினையான கதை

'பொய்கொட்' என்ற ஆங்கில வினைச்சொல்லை நாம் பகிஷ்கரித்தல் என்றும் புறக்கணித்தல் என்றும் வழங்குகிறோம். பலர் ஒன்றுகூடி ஒருவரோடு கொடுக்கல் வாங்கலையும் பேச்சையும் நிறுத்திக்கொள்வதே அதன் பொருள். இச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்வை செய்துவந்தவர் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட். விளைச்சல் பொய்த்திருந்த காலம் அது. 1880இல் குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 வீதம் குறைக்குமாறு கேட்டனர். பிரபு இசைந்ததோ 10 வீதத்துக்கு மட்டுமே. கேட்டவர்களை வெளியேற்றப் பொய்கொட் நடவடிக்கை எடுத்தார்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், பிறர் வெளியேற்றப்பட்ட நிலத்தை எடுப்பவனை ஊரே ஒதுக்கிவைக்க வேண்டுமென அரசியல் தலைவர் பார்னல் பேசியிருந்தார். மேயோ மக்கள் அவ்வாயுதத்தைப் பொய்கொட்டின் மீது பிரயோகித்தனர். வேலையாட்கள் நின்றுவிட்டனர். கடைக்காரர் பொருள் கொடுக்க மறுத்தனர். அறுவடைக்காக வெளியிலிருந்து 50 பேர் வந்தனர். அவர்களைக் காக்கப் பெரும் படையே வந்தது. ஏறத்தாழ 500 பவுண் பெறுமதியான விளைச்சலுக்காக 10,000 பவுண் செலவானதாகக் கணக்கிடப்பட்டது. டிசம்பரில் பொய்கொட் அயர்லாந்தை விட்டே வெளியேறினார்.

அவர் போனாலும் பெயர் தங்கிவிட்டது. இச்செயலுக்குப் பாமரர் வாயில் நுழையும் ஒரு சொல் வேண்டுமென்று தாம் தேடியபோது, பொய்கொட்டின் பெயரையே வினையாக்கித் தந்தவர் பங்குத் தந்தை ஜோன் ஓமாலி என அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியுள்ளார். சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சும் ஜேர்மனும் ரஷ்ய மொழியும் அதனை ஏற்றுக்கொண்டன. ஆங்கிலத்தில் பெயருக்குரிய பெரிய எழுத்தும் நாளடைவில் உதிர்ந்தது.

1955இல் அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரக் கறுப்பின மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்து, 381 நாட்கள் நடந்தே வென்றனர். அங்கே இச்சொல் பிறந்த வீட்டிலேயே இருந்தது. ஆனால் 1933 ஏப்ரல் 1ஆம் திகதி ஜேர்மனியில் நாஜிகள் யூதர்களின் கடைவாசல்களில் காவல் நின்றதற்கும் இதுவே பெயராயிற்று. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் நமது நாட்டிலும் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு குரல்கள் எழுந்தன. குற்றத்தில் பங்கில்லாத சிறு வியாபாரிகளே அதன் சுமையைத் தாங்கினர்.

சொல் ஒன்றுதான். குடியானவன் கையில் அது அதிகாரத்தின் முன் மறுப்பு. பெரும்பான்மையின் கையில் சிறியவனின் வயிற்றில் விழும் அடி. ஆகவே, இவ்வினையைக் கேட்கும்போது எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று கேட்டுக்கொள்வது இலக்கணம் மட்டுமல்ல, நீதியும் ஆகும்.